மலையிறங்காத மரம்

மேலநீலிதநல்லூரில் எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு மேற்கே ஒரு பேரிமரம் பதினாறு ஆண்டுகள் நின்றது. தோட்டம் என்று நான் சொல்வது வீட்டைச் சுற்றிய பூச்செடிகளை அல்ல. எங்கள் பக்கத்தில் கிணற்றுநீர் பாயும் நிலமெல்லாம் தோட்டம். மழையை நம்பிக் கிடப்பது புஞ்சை. மிளகாயும் பருத்தியும் எலுமிச்சையும் பழகிய அந்த மண்ணில் பேரிமரம் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு என் தந்தையார் ஒரே விடைதான் சொல்வார்: “மடியில வச்சுக் கொண்டுவந்தேன்.” 1983-இல் கொடைக்கானலுக்குப் போய்வந்தவர், ஈரச்சாக்கில் வேரைச் சுற்றி, பேருந்துக்குப் பேருந்து மாறி, அந்த ஒட்டுக்கன்றைக் கைக்குழந்தைபோல ஊர் சேர்த்தார்.

மரம் வளர்ந்தது. இலைவிட்டது. பளபளக்கும் அதன் இலைகள் மேல்காற்றில் திரும்பித் திரும்பி வெயிலில் மின்னும். ஆனால் ஒரு பூக்கூடப் பூத்ததில்லை. அடுத்த தோட்டத்துக்காரர் ஆண்டுதோறும் தவறாமல் கேட்பார். “அண்ணாச்சி, ஒம்ம மரம் என்னைக்குக் காய்க்கும்?” தந்தையாரும் தவறாமல் சொல்வார். “அது மலையில பொறந்த பிள்ள. கொஞ்சம் பொறுக்கணும்லா.” 1999-இல் ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் அறை கட்ட அந்த இடம் வேண்டியிருந்தபோது மரத்தை வெட்டினார்கள். தந்தையார் அன்று தோட்டத்துக்கு வரவில்லை.

காய்க்காத ஒரு மரத்தின்மீது மனிதருக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்ற கேள்வி வெகுநாள் என்னைத் தொடர்ந்தது. அந்தக் கேள்வியின் பின்னால் போய் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் பெயர். சங்க இலக்கியத்தின் மலைநிலம் குறிஞ்சி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் நெடிய மலர் வரிசையில் பேரிக்கு இடமில்லை. இருக்கவும் முடியாது; அன்று இம்மலைகளில் அம்மரம் இல்லை. ‘பேரி’ கடல் கடந்து வந்த சொல். அதன் வேர் போர்ச்சுகீசியரின் ‘பேரா’ என்பதா ஆங்கிலேயரின் ‘பேர்’ என்பதா என்று வாதிடலாம். ஆனால் இந்தியாவின் மேற்குக் கரையில் ‘பேரா’ அடைந்த கதி சுவையானது.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பல செடிகளை நம் கரைக்குக் கொண்டுவந்தனர். கொய்யா அவற்றில் ஒன்று. தங்கள் நாட்டுப் பேரிப்பழத்தின் சாயல் அதன் உருவத்தில் தெரிந்ததால் அப்பெயரையே அதற்கும் இட்டு வழங்கினர் போலும். கொங்கணியில் ‘பேர்’ என்பதும், மராத்தியில் ‘பேரூ’ என்பதும், மலையாளத்தில் ‘பேர’ என்பதும், சிங்களத்தில் ‘பேர’ என்பதும் கொய்யாவையே குறிக்கின்றன. பேரியின் பெயர் கரையிறங்கியது; பேரி இறங்கவில்லை. கடற்கரையின் வெக்கையில் அந்த மரம் வளராது. பெயருக்கு மட்டும் அந்தத் தடை இல்லாததால் அது வேறொரு பழத்தில் குடியேறிவிட்டது. தமிழில் கொய்யா வேறு பெயரைப் பற்றிக்கொண்டதனால், ‘பேரி’ என்ற சொல் உண்மையான பேரி வரும்வரை நமக்குக் கெடாமல் மிஞ்சியது.

அச்சொல்லோடு நாம் சேர்த்துக்கொண்ட ‘காய்’ இன்னும் கவனிக்கத்தக்கது. மாங்காய் பழுத்தால் மாம்பழம். பேரி பழுத்தாலும் நமக்குப் பேரிக்காய்தான். சங்கரன்கோவில் ஆடித்தபசு நாட்களில் சாலையோரச் சாக்குகளின்மேல் குவித்து விற்பார்கள். தந்தையார் வாங்கித்தருவது வழக்கம். கத்தியால் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, நறுக்கென்று கடித்துத் தின்போம். கனிந்து குழைந்த பேரியை நாங்கள் கண்டால் அழுகியது என்று எறிந்திருப்போம். நம் மொழி அதைக் காயென்று அழைப்பதில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

*

பேரி மனிதனோடு நெடுங்காலமாக வாழும் மரம். ஹோமரின் ஒடிசியில் அல்கினூஸ் மன்னனின் தோட்டத்தில் அது உண்டு. உலகின் பேரிகளைப் பொதுவாக இரு குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒன்று மேலைப் பேரி: அடி பருத்து, காம்புப் பக்கம் ஒடுங்கி, பறித்து வைத்தபின் குழைவது. மற்றது கீழைப் பேரி: சீனத்திலும் ஜப்பானிலும் வளர்வது, பெரும்பாலும் உருண்டை, மரத்திலேயே முதிர்வது, கடைசிவரை மொறுமொறுப்பானது. பேரியின் சதைக்குள் மணல்போல நெருடுபவை கல்லைப்போல் இறுகிய அணுக்கள். கீழைப் பேரிக்கு மணற்பேரி என்ற பெயரும் அதனால் வந்ததே.

இந்தியாவுக்கு முதலில் வந்தது கீழைப் பேரி என்பதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் இங்கு பயணம் செய்த யுவான் சுவாங், பஞ்சாபில் சீனபுக்தி என்ற நாட்டைப் பற்றிக் கூறுகிறார். கனிஷ்கர் காலத்தில் பிணையாக அனுப்பப்பட்ட சீனர்கள் குளிர்காலத்தில் தங்கிய இடம் அது. அதுவரை அப்பகுதி அறியாத பீச் பழத்தையும் பேரியையும் அவர்களே அங்கு நட்டனர் என்றும், மக்கள் பேரியைச் ‘சீனராஜபுத்திர’ என்று அழைத்தனர் என்றும் எழுதுகிறார். தாய்நாட்டுக்குத் திரும்பமுடியாத பிணையாளி, தான் தின்று வளர்ந்த பழத்தைத் தான் இருக்கும் மண்ணில் நட்டுப் பார்த்திருக்கிறான். பஞ்சாபில் இன்றும் முதன்மையாக விளையும் பேரி வகையின் பெயர் ‘பத்தர்நாக்’. ‘பத்தர்’ என்றால் கல். அவர்களும் நம்மைப்போலக் கடினமானதையே விரும்பியிருக்கிறார்கள்.

இங்கே பேரியின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரையே அதன்மேல்தான் நிற்கிறது. பேரி விதையால் தன் இனத்தைத் தொடராது. ஒரு நல்ல பழத்தின் விதையை ஊன்றினால் முளைக்கும் மரம் தாயைப்போல் இராது. பெரும்பாலும் காட்டுத்தன்மை கொண்ட சிறு காய்களையே தரும். கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். நல்ல மரம் தொடரவேண்டுமானால் அதன் குச்சியை வெட்டி, வேறொரு வேர்ச்செடியின் தண்டில் பொருத்தி, கட்டுக்கட்டி வளர்க்க வேண்டும். ஒட்டுக்கட்டிய ஒவ்வொரு மரமும் அந்த முதல் மரத்தின் உடலே. நெல்லிலும் கம்பிலும் மரபு வகையைக் காப்பது விதைக்கோட்டை. பேரியில் அதைக் காப்பது கை. ஒரு தலைமுறை அந்தக் கை ஓய்ந்தால் வகை மறைந்தது. களஞ்சியத்தில் கிடந்த விதையை மீண்டும் எடுத்து விதைக்கும் வாய்ப்பு அதற்கில்லை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உலகெங்கும் விளையும் ‘வில்லியம்ஸ்’ பேரி, இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டன் என்ற ஊரில் 1770-ஐ ஒட்டி ஸ்டேர் என்ற பள்ளி ஆசிரியரின் தோட்டத்தில் தோன்றியது. அதை ஒட்டுக்கட்டி விற்ற நாற்றுப்பண்ணைக்காரர் வில்லியம்ஸ்; பெயர் அவருடையதாயிற்று. அமெரிக்காவுக்குச் சென்ற கன்றுகளை, உண்மைப் பெயர் அறியாத பார்ட்லெட் என்பவர் தம் பெயரிலேயே பரப்பினார். 1828-இல் ஐரோப்பாவிலிருந்து புதிய மரங்கள் வந்து சேர்ந்தபோதுதான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. விற்றவர்களின் பெயர்கள் இரு கண்டங்களிலும் நிலைத்தன. வளர்த்த ஆசிரியரின் பெயர் பழத்தில் ஒட்டவில்லை.

*

நம் மலைகளுக்குப் பேரி வந்தது வெள்ளையர் குடியேற்றத்தோடு. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறினார். 1822-இல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கினார். ஐரோப்பியக் காய்கறிகளையும் பழமரங்களையும் அங்கே பயிரிட்டுப் பார்த்தவர் அவர். 1845-இல் உதகை வாழ் ஐரோப்பியர் மாதம் மூன்று ரூபாய் சந்தா கட்டி, தங்களுக்கான காய்கறிக்கென ஒரு தோட்டம் அமைத்தனர். இன்றைய தாவரவியல் பூங்காவின் தொடக்கம் அதுதான். 1848-இல் கியூ தோட்டத்தில் பயின்ற மெக்ஐவர் அதன் பொறுப்பேற்றார். பின்னர் குன்னூரில் 1874-இல் சிம்ஸ் பூங்கா உருவானது. அங்கே மே மாதந்தோறும் நடக்கும் பழக்கண்காட்சியைப் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள்.

கொடைக்கானலின் கதை சற்று வேறு. மதுரைச் சமவெளியின் காய்ச்சலிலும் காலராவிலும் குடும்பங்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் அங்கு முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். ஆட்சியர் வியர் லெவிஞ்சின் முயற்சியால் 1863-இல் ஏரி உருவானது. 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையினர் தங்கள் கல்லூரியை நிறுவினர். இப்படி மிஷனரிகளும் துரைமாரும் பாதிரிமாரும் தங்கள் ஊர்ப் பழம் தேடி நட்ட தோட்டங்கள் வழியாகவே பேரியும் பிளம்ஸும் பீச்சும் மலைமக்களின் கைக்கு வந்தன. சீனபுக்திப் பிணையாளிக்கும் இவர்களுக்கும் அதிகாரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஊர் நினைவு நாக்கில் தங்குவதில் மட்டும் வேறுபாடில்லை.

ஆனால் அவர்கள் விரும்பிய பேரி எது? ஐரோப்பாவில் பழைய பேரிகள் பல கடினமானவை, வேகவைத்துத் தின்பதற்கானவை. பதினெட்டாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரத்து அர்தன்போன் என்ற பாதிரியாரும், அவருக்குப்பின் லூவேனில் பல்லாயிரம் நாற்றுகளை வளர்த்துத் தேர்ந்த வான் மோன்ஸ் என்பவரும், வாயில் வெண்ணெயாய்க் கரையும் பேரிகளை உருவாக்கினர். அதுமுதல் மேலைநாட்டார் பேரி என்றால் அந்தக் குழைவையே எண்ணலாயினர். நம் மலைத்தோட்டங்களிலோ வேறொரு தேர்வு நடந்தது. வில்லியம்ஸும் ஜார்கொனெலும் வந்தன. மணற்பேரியின் வித்தில் 1873-இல் பிலடெல்பியாவில் பீட்டர் கீஃபர் என்பவரிடம் முதன்முதலாகக் காய்த்த கலப்பினமான ‘கீஃபர்’ வந்தது. இருந்தும் மலையோரில் பலர் மிகுதியாக நட்டுப் போற்றியது, இன்று ‘நாட்டுப் பேரி’ என்று நாம் அழைக்கும் பச்சைத்தோல் கொண்ட, கல்லுப்போன்ற காய்.

இதற்கு இரண்டு காரணங்களை நான் காண்கிறேன். ஒன்று, குளிர். பேரி மொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகி உறங்குகின்றன. ஏறத்தாழ ஏழு டிகிரிக்குக் கீழான குளிரில் பல நூறு மணிநேரம் கழித்தாலே அந்த உறக்கம் முறையாகக் கலையும். குளிரின் தேவை வகைக்கு வகை மாறும். மேலைப் பேரிகளுக்கு மிகுதி, கீழைப் பேரிக்கும் அதன் கலப்புகளுக்கும் குறைவு. பனி கொட்டும் இமயமல்ல நம் மலைகள். கொடைக்கானலின் மார்கழி தை இரவுகளில் கிடைக்கும் அளவான குளிருக்கே நிறைவாகப் பூக்கும் மரம்தான் இங்கு நிலைக்கும். மற்றொன்று, பாதை. பெரியகுளம் பக்கத்துப் பழைய ஒற்றையடிப் பாதையில் சுமையாட்கள் ஏறி இறங்கிய காலம் அது. வத்தலக்குண்டு வழியான மலைச்சாலை முழுமையானது 1914-இல்தான். குழையும் பழம் அந்த இறக்கத்தைத் தாங்காது. சாக்கில் கட்டி உருட்டினாலும் கெடாத காய்தான் மதுரைச் சந்தைக்கும் எங்கள் திருவிழாக் கடைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கும். பழத்தை நாம் காயென்று அழைத்ததும் இதனால்தான் என்று எண்ணுகிறேன்.

இப்படிப் பார்த்தால் நாட்டுப் பேரி ‘நாட்டு’ வகை ஆனது பிறப்பால் அல்ல. மலையின் குளிரும், இறங்கும் பாதையும், சமவெளியின் நாக்கும், ஒட்டுக்கட்டிய கைகளும் சேர்ந்து நூற்றைம்பது ஆண்டுகளில் தேர்ந்தெடுத்த மரம் அது. கொண்டுவந்த துரைமாரின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. குச்சி சீவி, கட்டுக்கட்டி, வளைந்து நிற்கவேண்டிய கிளைகளைக் கயிறிட்டு இழுத்துக் கட்டி, தழை கழித்துக் காய்க்கவைத்தவர்கள் அந்தத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். வேலையைக் கற்று, குச்சியையும் எடுத்துக்கொண்டு, வில்பட்டியிலும் பள்ளங்கியிலும் அட்டுவம்பட்டியிலும் தம் கொல்லைகளில் அவர்கள் நட்ட மரங்கள்தாம் இன்றைய நாட்டுப் பேரி. ஆல்டர்மாஸ்டன் ஆசிரியருக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்தது.

*

இனி எங்கள் தோட்டத்து மரம். அது ஏன் பூக்கவில்லை என்பதற்கு விடை மேலேயே இருக்கிறது. மேலநீலிதநல்லூரில் மார்கழி விடியலில்கூட வெப்பம் இருபது டிகிரியை ஒட்டியே நிற்கும். உறக்கம் கலையாத மொட்டுகளோடு பதினாறு ஆண்டுகள் நின்றது அது. இரண்டாவது காரணம் இன்னும் துயரமானது. பேரி வகைகளில் பெரும்பாலானவை தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை; பக்கத்தில் வேறு வகைப் பேரி ஒன்று பூத்திருக்க வேண்டும். ஒருவேளை ஏதோ ஓர் ஆண்டில் அது அதிசயமாகப் பூத்திருந்தாலும் காய்த்திராது. தனிமரம் தோப்பாகாது என்ற பழமொழியைப் பேரிமரம் சொல்லுக்குச் சொல் வாழ்ந்து காட்டுகிறது.

தந்தையாருக்கு இவை தெரியாது. தெரிந்திருந்தால் நட்டிருக்கமாட்டார் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் செய்ததை முட்டாள்தனம் என்று ஒருகாலத்தில் நினைத்தேன். மனிதர்கள் இப்படித் தவறான இடங்களில் மரம் நட்டுப் பார்த்ததனால்தான் சரியான இடங்கள் தெரியவந்தன என்று இப்போது நினைக்கிறேன். பஞ்சாபில் காய்த்தது, கொடைக்கானலில் காய்த்தது, மேலநீலிதநல்லூரில் காய்க்கவில்லை. அந்த நெடிய சோதனையில் எங்கள் தோட்டமும் ஒரு வரி.

கவலை மலைமேல் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானல் பக்கத்துக் கிராமம் ஒன்றில், முதிய விவசாயி ஒருவரின் தோட்டத்தில் நின்றேன். அவருடைய தாத்தா நட்டவை என்று நான்கு பேரிமரங்களைக் காட்டினார். பாசி படர்ந்த அடிமரம். கைக்கெட்டாத உயரத்தில் காய். பறிக்க ஏறுவதற்கு ஆளில்லை. பறித்தாலும் கூலிக்குக் கட்டுவதில்லை. காட்டுமாடுகள் வந்து தாழ்ந்த கிளைகளை முறிக்கின்றன. பக்கத்துத் தோட்டம் தங்கும் விடுதியாகிவிட்டது. எதிர்ப்புறம் பட்டர் ஃப்ரூட் கன்றுகள். கீழே நகரத்துப் பழக்கடைகளில் சீனத்திலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் கப்பலேறிவந்த பேரிகள் ஒட்டுத்தாளும் வலையுறையும் அணிந்து அடுக்கப்பட்டிருக்கின்றன. “புதுசா ஒட்டுக்கட்டுறீங்களாய்யா?” என்று கேட்டேன். “என் கைக்கு நடுக்கம் வந்துருச்சு தம்பி. மகன் திருப்பூர்ல இருக்கான். அவனுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது,” என்றார்.

நான் முன்னர் சொன்னதுபோல, இதுதான் கை ஓயும் இடம். அமெரிக்காவின் டான்வர்ஸ் நகரில், குடியேற்ற ஆளுநர் என்டிகாட் 1630-40களில் நட்டதாகக் கருதப்படும் ஒரு பேரிமரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. புயலும் வெட்டுக்கத்தியும் கடந்து வேரிலிருந்து மீண்டும் மீண்டும் துளிர்த்தது. அதைச் சுற்றி வேலியிட்டுக் காக்கிறார்கள். அதன் குச்சிகளை எடுத்து வேறிடங்களில் ஒட்டுக்கட்டியும் வைத்திருக்கிறார்கள். நம் மலைகளில் நூறாண்டைத் தொட்ட பேரிமரங்களுக்கு அப்படி ஒரு வேலியை நான் கண்டதில்லை. விதைநெல்லைத் தேடித்தேடிச் சேர்க்கும் நண்பர்கள் தமிழகமெங்கும் இருக்கிறார்கள். பழமரத்தின் குச்சியைச் சேர்ப்பவர்களும் வேண்டும். மார்கழியில் மரம் இலையுதிர்த்து நிற்கும்போது பென்சில் பருமனில் ஒரு சாண் குச்சி போதும். அந்த ஒரு சாணில் ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது.

அன்று அந்த முதியவரிடம் நான் குச்சி கேட்டேன். நான்கு வெட்டித் தந்தார். ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்து, ஊருக்குக் கொண்டுபோகாமல், மலைமேலேயே கன்று வளர்க்கும் நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். இரண்டு பிடித்தன. தந்தையார் செய்த பிழையை நான் செய்யவில்லை. அவருடைய பிடிவாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மேலநீலிதநல்லூர்த் தோட்டத்தில் மோட்டார் அறைக்குப் பின்னால் இப்போது ஒரு கொய்யாமரம் நிற்கிறது. யாரும் நட்டதல்ல, பறவையெச்சத்தில் முளைத்தது. ஆண்டு முழுக்கக் காய்க்கிறது. செங்கோட்டை கடந்து ஆரியங்காவுக்குப் போனால் அந்த மரத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘பேர’. தந்தையார் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். “அப்பவே காய்க்கும்னு சொன்னேன்லா” என்று சிரித்திருப்பார்.